எல்லையறியா வளர்ச்சி

‘முன்னேற்றம்’ என்னும் சொல்லுக்கு இந்நாளில் உள்ள மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. மேடையில் ஒருவர் அதனை உச்சரித்தவுடன் கையொலி எழுகிறது. மாணவன் கட்டுரைத் தாளில் அதனை எழுதியவுடன் ஆசிரியரின் சிவப்பு மை சரியெனக் குறியிடுகிறது. புகைபோக்கி உயர்ந்தால் முன்னேற்றம். ஆற்றை மறித்தால் முன்னேற்றம். மலையை வெட்டிச் சாலை அமைத்தால் முன்னேற்றம். ஆயின் இச்சொல்லின் பொருள் யாது, அதற்குரிய விலை யாது, அவ்விலையைக் கொடுப்பவர் யாவர் என்னும் மூன்று வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. எழுப்புவோரைப் ‘பிற்போக்காளர்’ என்று ஒதுக்கிவிடுவது எளிதாகவும் இருக்கிறது. தமிழாசிரியர்களும் மாணவர்களும் கையிலெடுக்கும் இத்தொகுப்பில் அம்மூன்று வினாக்களையும் எழுப்புவதே என் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். தொழில் வளர்ச்சி வேண்டாம் என்பது என் வாதமன்று. மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த தலைமுறைக்கு மின்விளக்கின் அருமை தெரியும். காட்டுப் பாதையில் நோயாளியைத் தூக்கிச் சென்ற தோட்டப்புறத்தாருக்குத் தார்ச்சாலையின் அருமை தெரியும். நான் மறுப்பது வளர்ச்சியை அன்று. ‘வளர்ச்சிக்கு எல்லையே இல்லை’ என்னும் மூடநம்பிக்கையைத்தான். பழைய மூடநம்பிக்கைகளைச் சாடுவதற்கு நம்மிடையே ஆயிரம் எழுத்தாளர் உண்டு. இந்தப் புதிய மூடநம்பிக்கையோ கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வருவதால் நாம் எழுந்து நின்று வணங்குகிறோம்.

மலை என்னும் சிற்றுலகம்

உலகத்தின் எல்லையைக் காண விண்கலம் ஏறவேண்டியதில்லை. கேமரன் மலைக்கு வந்தாலே போதும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னர் இதனை ஒரு மலைவாழிடமாக்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை மேலேறியது. காடு வெட்டியவர்களிலும், கன்று நட்டவர்களிலும், கொழுந்து கிள்ளியவர்களிலும் நம் பாட்டன் பாட்டிமார் இருந்தனர். ஆகவே இம்மலையின் வரலாற்றில் நாம் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். காடழிந்த கதையில் நம் கையின் தழும்பும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

எனினும் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். தேயிலைச்செடி ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு நிற்கும். அதன் நெருங்கிய தூறு மழைத்துளியைத் தாங்கிக்கொள்ளும். வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ப் பெருகிய காய்கறி வேளாண்மையின் இயல்போ வேறு. சில திங்களுக்கொரு முறை நிலம் கிளறப்படுகிறது. சரிவுகள் இயந்திரங்களால் படிக்கட்டுகளாக வெட்டப்படுகின்றன. அவற்றின் மேல் நெகிழிக் கூரைகள் வேயப்படுகின்றன. கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஓரமாகத் திரண்டு, வாய்க்காலாகி, வெள்ளமாகி, வெறுமண்ணை அரித்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது. கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வரை சாலையில் செல்பவர் இருபுறமும் காண்பது பச்சை மலையை அன்று, வெள்ளை நெகிழியைத்தான்.

‘கோலா’ என்னும் மலாய்ச் சொல் ஆற்று முகத்தைக் குறிக்கும். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு கூடுமிடம் என்பதே நம் ஊரின் பெயர்ப்பொருள். தண்ணீரால் பெயர்பெற்ற ஊரில் மழைக்குப்பின் தண்ணீரின் நிறம் தேநீரின் நிறமாக இருக்கிறது. இவ்வாற்று நீர் இயற்கை வழியே ஜெலாய் ஆற்றை அடைந்து, பகாங் பேராற்றில் கலந்து, பெக்கானுக்கருகே தென்சீனக் கடலைச் சேரும். ஆகவே இங்கே கரையும் மண் இங்கேயே நின்றுவிடுவதில்லை. மேலிருப்பவன் செய்யும் பிழைக்குக் கீழிருப்பவன் விலை கொடுப்பது ஆற்றின் இலக்கணம்.

அணையின் ஐந்தொகை

இம்மலையில் தொழில்வளர்ச்சியின் பெருஞ்சின்னம் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபுபக்கர் அணை. 1963இல் அது செயற்படத் தொடங்கியது. தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கவழியே பெர்த்தாம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பி, அணையில் தேக்கி, அங்கிருந்து மீண்டும் சுரங்கவழியே பேராக் மாநிலத்திலுள்ள ஜோர் நிலத்தடி மின்னிலையத்திற்கு இறக்கி, 100 மெகாவாட் மின்சாரம் எடுப்பது அத்திட்டம். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் இஃது ஓர் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. சமவெளியின் ஆலைகளும் வீடுகளும் அம்மின்சாரத்தால் பயன்பெற்றன.

ஆனால் அணை தண்ணீரை மட்டும் தேக்குவதில்லை. தண்ணீர் சுமந்துவரும் மண்ணையும் தேக்குகிறது. மேலே காடு இருந்தவரை மண் சிறிதளவே வந்தது. மேலே காடு குறையக் குறைய நீர்த்தேக்கத்தில் சேறு ஏறியது. மரம் வெட்டியவர் கணக்கில் அது வருமானம். நிலம் திருத்தியவர் கணக்கில் அது விளைச்சல். அணையின் கணக்கில் மட்டும் அது இழப்பு. அச்சேற்றைத் தோண்டி அப்புறப்படுத்தும் வேலை ஓய்வின்றி நடைபெற்று வருகிறது. தோண்டுவது ஒருபுறம், கரைவது மறுபுறம். ஓட்டைப் பானையில் நீர் மொண்ட கதையே அது.

2013ஆம் ஆண்டு, அணைக்கு ஐம்பது வயது நிறைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த நேரத்தில், கனமழையால் நீர்மட்டம் உயர, அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள்மேல் வெள்ளமும் சேறும் பாய்ந்தன. உயிர்கள் போயின, வீடுகள் இடிந்தன, ஊர்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓராண்டு கழிந்து, 2014ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், ரிங்லெட், பெர்த்தாம் பகுதிகளில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் உயிர்ப்பலி.

‘இயற்கையின் சீற்றம்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. இத்தொடரை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மழை இயற்கை, ஆனால் சரிவை வெட்டியது இயற்கையன்று. ஆற்றின் ஓரத்து ஒதுக்குநிலத்தை விளைநிலமாகவும் வீடுகளாகவும் மாற்றியது இயற்கையன்று. சேறு நிறைந்த தேக்கம் மழைநீரைத் தாங்கும் ஆற்றலை இழக்கும் வரை பார்த்திருந்தது இயற்கையன்று. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றாமல் ‘இயற்கை’ என்னும் ஊமைமேல் பழிபோடுவது தமிழ்ச் சொல்லுக்கும் இழுக்கு, அறத்திற்கும் இழுக்கு.

விலை கொடுத்தவர் யாவர்?

2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பிரிஞ்சாங்கிற்கு அருகிலுள்ள சுங்கை ரூயில் என்னும் பூர்வகுடிச் சிற்றூரின்மேல் மலைச்சரிவு விழுந்து எழுவர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கம்போங் ராஜாவை அடுத்த புளூவேலியில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். ஐவரும் மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர். பெயர்ப்பட்டியலைக் கூர்ந்து நோக்குக. பூர்வகுடிகள், அயல்நாட்டுக் கூலிகள், ஆற்றோரத்து ஏழைகள்! மின்சாரத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் எவரும் இப்பட்டியலில் இல்லை. காய்கறிச் சந்தையில் ஆதாயம் கண்ட முதலாளி எவரும் இல்லை. பயன் ஒருவர்க்கு, பழுது மற்றொருவர்க்கு என்று பிரிந்துபோன ஒன்றை முன்னேற்றம் என்று எந்த நாவால் சொல்வது?

நஞ்சின் கதையும் இத்தகையதே. பூச்சிகொல்லியும் களைக்கொல்லியும் தொழிற்சாலையின் பிள்ளைகள். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அவ்வாலை உற்பத்தி செய்தது பூச்சிகொல்லியைத்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஆலைக்குள் இருக்கும்போது கொன்றது அது; ஆலையை விட்டு வெளியே வந்து, முதுகில் சுமக்கும் கலனுக்குள் புகுந்து, மெல்ல மெல்லவும் கொல்லும். மலேசியத் தோட்டப்புறங்களில் அக்கலனை நெடுங்காலம் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் நம் தாய்மார் எத்தனை பேர்! பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு 2002இல் இந்நாட்டில் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நகம் கறுத்து, மூக்கில் குருதி வடித்து, கண் எரிந்து நின்ற பெண்களுக்கு ‘உற்பத்தித்திறன்’ என்பதே விடையாகக் கிடைத்தது.

மலையிறங்கிப் பேராக்கிற்குச் சென்றாலும் இதே பாடம்தான். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அரியமண் தொழிற்சாலை கதிரியக்கக் கழிவை விட்டுச்சென்றது. ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 1994இல் ஆலை மூடப்பட்டது. ஆலை நடந்த ஆண்டுகள் பன்னிரண்டு. கழிவை அகற்றிப் புதைக்கும் வேலையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீண்டது.

ஞாலத்தின் எல்லைகள்

‘இவை சிற்றூர்ச் செய்திகள், உலக வளர்ச்சிக்கும் இவற்றிற்கும் தொடர்பு யாது?’ என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 1972ஆம் ஆண்டில் ரோம் மன்றத்தின் பொருட்டு வெளிவந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் நூல், வரம்புள்ள உலகில் வரம்பற்ற பெருக்கம் நிலைக்காது என்று எச்சரித்தது. அவ்வாண்டே ஸ்டாக்ஹோம் நகரில் மானிடச் சுற்றுச்சூழல் பற்றி ஐக்கிய நாடுகளின் மாநாடு கூடியது. 1974இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 2009இல் யோகான் ராக்ஸ்ட்ரோமும் உடன் ஆய்வாளர்களும் இப்புவியின் நலத்திற்கு ஒன்பது எல்லைகளை வகுத்தனர். 2023இல் வெளியான மதிப்பீடு அவற்றுள் ஆறு எல்லைகள் மீறப்பட்டுவிட்டன என்று காட்டியது.

அவ்வாறையும் எண்ணிப் பாருங்கள்: தட்பவெப்பம், உயிரினப் பன்மை, காட்டுநிலம், நன்னீர், நைட்ரசன் பாசுபரசுச் சுழற்சி, மனிதன் படைத்த புதுப்பொருள்கள். இவற்றுள் எது நம் மலைக்கு அயலானது? வெட்டுண்ட சரிவு காட்டுநிலத்தின் எல்லைமீறல். கலங்கிய தெலோம் நன்னீரின் எல்லைமீறல். அளவின்றிக் கொட்டப்படும் செயற்கையுரமும் பதப்படாத கோழியெருவும் நைட்ரசன் பாசுபரசுச் சுழற்சியின் எல்லைமீறல். கிழிந்த நெகிழியும் நஞ்சுக் கலன்களும் புதுப்பொருள்களின் எல்லைமீறல். காற்றிலுள்ள கரியமிலவாயு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதனால் வெப்பமேறிய காற்று மிகுந்த நீராவியைச் சுமக்கிறது. சுமந்ததைப் பெருமழையாகக் கொட்டுகிறது. அம்மழை விழுமிடத்தில் மரமில்லையெனின் மலை நிற்குமா? உலகின் குற்றமும் ஊரின் குற்றமும் கைகோத்துக்கொள்ளும் இடமே மலைச்சரிவு.

எதிர்வாதங்களும் விடைகளும்

‘காட்டை வைத்துக்கொண்டு வயிற்றை நிரப்ப முடியுமா?’ என்பது முதல் வாதம். முடியாதுதான்; ஆனால் மண்ணை இழந்துவிட்டும் வயிற்றை நிரப்ப முடியாது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். ஒரு மழைக்காலத்தில் அது போய்விடும். சந்தையில் முட்டைக்கோசு மலிவாகக் கிடைக்கிறது என்கிறோம். அணையில் சேறு வாரும் செலவு, சரிந்த சாலையைச் சீரமைக்கும் செலவு, நீரைத் தூய்மையாக்கும் செலவு, மருத்துவமனைச் செலவு ஆகியவற்றை அவ்விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்பது பொய்க்கணக்கு என்று விளங்கும்.

‘மேலைநாட்டார் ஆலைகளால் செழித்துவிட்டு, இப்போது நம்மை மட்டும் அடக்குகின்றனரே’ என்பது இரண்டாம் வாதம். இதில் உண்மை உண்டு. காற்றில் சேர்ந்த கரியில் பெரும்பங்கு செல்வ நாடுகளுடையது; அவை முதலில் குறைக்க வேண்டும், இழப்பீடும் தரவேண்டும். ஆனால் அவர்கள்மீது உள்ள கோபத்தால் நம் மலையை நாமே வெட்டிக்கொள்வதா? சுங்கை ரூயிலில் விழுந்த மண் இலண்டன் மாநகரத்தின்மேல் விழவில்லை.

‘அறிவியல் எல்லாவற்றையும் சரிசெய்யும்’ என்பது மூன்றாம் வாதம். அறிவியலைப் போற்றுவோர் அதன் சொல்லையும் கேட்க வேண்டுமன்றோ? எல்லை உண்டு என்று அளந்து சொன்னதே அறிவியல்தான். சரிவின் கோணம், மண்ணின் இறுக்கம், மழையின் அளவு ஆகியவற்றை ஆய்ந்து ‘இங்கே வெட்டாதே’ என்று பொறியாளர் சொல்லும்போது செவிசாய்க்காமல், வெட்டி முடித்தபின் ‘தாங்குசுவர் கட்டித் தா’ என்று அவரிடமே கையேந்துவது அறிவியல் பற்றன்று.

நான்காம் வாதமே நம்மிடையே மிகுதியாக ஒலிப்பது: ‘வீடின்றி, அடையாள ஆவணமின்றி, வேலைப் பாதுகாப்பின்றித் தவிக்கும் தமிழனுக்கு மரமும் ஆறும் ஒரு கேடா? அவை வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு.’ இதனைச் சொல்வோர் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். ஆயினும் தலைகீழாகச் சொல்கின்றனர். வசதியுள்ளோர் புட்டியில் அடைத்த நீரை வாங்கிக் குடிப்பர். மேட்டில் வீடு கட்டுவர். காற்றுக் கெட்டால் ஊர் மாறுவர். ஆற்று நீரையும் பள்ளத்து வீட்டையும் அன்றாடக் கூலியையும் நம்பியிருப்பவனே மண் கெட்டால் முதலில் வீழ்பவன். ஆகவே சுற்றுச்சூழல் ஏழையின் வழக்கு. அவ்வழக்கை வாதாடாமல் கைவிட்டவர்கள் நாமே.

சட்டமும் ஓட்டையும்

1960ஆம் ஆண்டிலேயே மலைநிலத்தைக் காக்க நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1987ஆம் ஆண்டின் ஆணை, காட்டை விளைநிலமாக்கும் திட்டம் 500 ஹெக்டரும் அதற்கு மேலும் இருந்தால் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களோ ஒவ்வொன்றும் சில ஏக்கர் அளவே. ஓராயிரம் எறும்புகள் சேர்ந்து யானையைத் தின்றாலும் எந்த எறும்பும் குற்றவாளி ஆகவில்லை! 2015இல் வந்த புதிய ஆணை செங்குத்துச் சரிவுகளையும் கணக்கில் கொண்டது; நன்று. ஆனால் ஆணை தாளில் இருக்க, மண்வாரி இயந்திரம் மலையில் இருக்கிறது.

நில உரிமமுறையும் ஆராயத்தக்கது. இங்குள்ள காய்கறி நிலங்களில் பெரும்பகுதி நெடுங்காலமாக, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின்கீழ்ப் பயிரிடப்பட்டு வந்தது. அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமோ இராதோ என்று அஞ்சுபவன் அடுத்த தலைமுறைக்காக வரப்புக் கட்டுவானா? இவ்வாண்டே உறிஞ்சிவிட எண்ணுவான். ஆகவே விவசாயியை மட்டும் திட்டிப் பயனில்லை. பொறுப்புடன் பயிரிடுவோர்க்கு நீண்டகால உரிமை. அதனோடு சரிவைக் காக்கும் கண்டிப்பான நிபந்தனை. ஆற்றோரத்து ஒதுக்குநிலத்தை மீட்டுக் காடாக்குதல். ஆற்றுநீர் ஆய்வின் முடிவுகளை மக்கள் படிக்கும் மொழிகளில் தவறாது வெளியிடுதல். இடர்மிகு இடங்களில் வாழ்வோர்க்கு மாற்றிடம் தந்தபின் பணி தொடங்குதல். அரசிடம் கேட்கவேண்டியவை இவை. இவற்றில் எதுவும் வளர்ச்சிக்குப் பகையன்று.

ஆசிரியர் கடமை

இனி நம் பக்கம் வருவோம். தமிழன் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான், ஐந்திணை வகுத்தான், வள்ளுவர் கடவுள் வாழ்த்தையடுத்து வான்சிறப்பை வைத்தார் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கத்தால் மலை நிற்காது. குறிஞ்சி என்பது தேர்வில் எழுதும் ஒரு சொல் மட்டும் அன்று. நாம் நிற்கும் இடம். பாலைக்கெனத் தனிநிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டிய உண்மை. அதனை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், சன்னலுக்கு வெளியே குறிஞ்சி பாலையாவதைக் கண்டும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவது எவ்வகைத் தமிழ்ப்பணி?

‘தொழில்துறை வளர்ச்சியின் நன்மைகள்’ என்று கட்டுரைத் தலைப்புத் தரும் ஆசிரியர், ‘அவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்’ என்று இன்னொரு தலைப்பையும் தரட்டும். மழை பெய்த மறுநாள் ஆற்றுநீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வகுப்பறையில் வைத்து, இரவெல்லாம் படியவிட்டு, அடியில் தங்கிய மண்ணை மாணவர் அளவுகோலால் அளக்கட்டும். ஓராண்டு அவ்வாறு அளந்த பிள்ளைக்கு மண்ணரிப்பைப் பற்றி எந்த அமைச்சரும் கதை சொல்ல முடியாது. மருந்துக் கலன்மேல் மலாய் மொழியில் அச்சிட்டுள்ள எச்சரிக்கையைத் தமிழில் எழுதித் தாய் தந்தையர்க்குப் படித்துக் காட்டட்டும். ஒரு பள்ளியின் மொழிப்பாடம் ஓர் உயிரைக் காக்குமெனின் அதனினும் சிறந்த தேர்ச்சி விழுக்காடு உண்டோ?

தமிழ்ப்பள்ளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாம் பல விடைகள் வைத்திருக்கிறோம். பண்பாடு என்கிறோம், அடையாளம் என்கிறோம். இன்னொரு விடையும் நம்மிடம் இருக்கட்டும்: தன் மலையின் கணக்கைத் தன் மொழியில் கேட்கத் தெரிந்த குடிமகனை உருவாக்கும் இடம் தமிழ்ப்பள்ளி. அம்மாணவன் நாளை பொறியாளனாகலாம், விவசாயியாகலாம், அதிகாரியாகலாம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் ஒரு திட்டம் முன்வைக்கப்படும்போது, இதன் பயன் யாருக்கு, இதன் பழுது யாருக்கு, இந்த மண் இதனைத் தாங்குமா என்று அவன் கேட்கவேண்டும். அவ்வினாவிற்கு விடை தரமுடியாத திட்டம் எத்துணைப் பெரிதாயினும் அது வளர்ச்சியாகாது, வீக்கமே ஆகும். வளர்ச்சி எது, வீக்கம் எது என்று பிரித்தறியக் கற்பிப்பதே நம் காலத்துக் கல்வி.